குழலின் நீளமும் குழல்வாயின் புரியும்: கண்டித் துவக்கு முதல் காட்டுப்போர்த் துவக்கு வரை

2023ஆம் ஆண்டிலே நெதர்லாந்து அரசு தன் நூதனசாலையிலிருந்த ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவற்றுள் ‘லெவ்கே பீரங்கி’ எனப்படும் சிறு வெண்கலப் பீரங்கியே எல்லோரது கவனத்தையும் ஈர்த்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைக்கப்பெற்ற அப்பீரங்கி, 1765 இல் ஒல்லாந்தர் கண்டி மாநகருட் புகுந்தபோது கவர்ந்து சென்ற பொருள்களில் ஒன்றாகும். அதனோடு பொன்வாளும் வெள்ளிவாளும் கத்தியும் வந்தன. இரு துவக்குகளும் வந்தன. பீரங்கியைப் பற்றி எழுதப்பட்டதிற் பத்தில் ஒரு பங்குதானும் அத்துவக்குகளைப் பற்றி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. கண்டி இராச்சியத்தின் துவக்குகளைக் காண்போர் அவற்றின் வேலைப்பாட்டை வியப்பர். அவற்றின் நீளத்தைக் கண்டு புன்முறுவல் பூப்பர். இவ்வளவு நீண்ட குழல் எதற்கு என்ற வினாவிற்கு இரு விடைகள் எளிதாகக் கூறப்படுவதுண்டு. அரசவை ஆடம்பரம் என்பது ஒன்று. ஐரோப்பியக் கலையைக் கற்றும் அதன் வளர்ச்சியைப் பின்பற்ற இயலாத பின்தங்கிய நிலை என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயுதத்தின் வரலாற்றை ஆராய்வது இத்தீவிலே எளிதான செயலன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர் ‘துவக்கு’ என்னும் சொல் இங்கு வெறுஞ்சொல்லாக ஒலிப்பதில்லை. ஆயினும், ஒரு கருவியை அஞ்சுவதும் வெறுப்பதும் வேறு. அக்கருவியைச் செய்தவன் எவ்வாறு சிந்தித்தான் என அறிவது வேறு. பின்னையதே வரலாற்று மாணவனின் கடன்.

சொல்லின் பயணம்

துவக்கு என்ற சொல்லே ஒரு வரலாற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்பர். ஈழத்தார் ‘துவக்கு’ என்பர். சிங்களத்திலே அது ‘துவக்குவ’ ஆகும். இவை யாவும் துருக்கிய மொழியின் ‘துபெக்’ என்ற சொல்லோடும் பாரசீகத்தின் ‘துபங்’ என்ற சொல்லோடும் உறவுடையன. வெடிமருந்துக் கலை போர்த்துக்கேயர் வழியாக மாத்திரமன்றி, மேற்காசிய வணிகரும் போர்வீரரும் பயின்ற கடல்வழிகள் வாயிலாகவும் தென்னாசியாவை அடைந்தது என்பதற்கு இச்சொல்லே சான்று பகரும்.

எனினும் இலங்கை வரலாற்றிலே துவக்கின் காலம் போர்த்துக்கேயர் வருகையோடு தொடங்குவதாகக் கொள்வதே மரபு. அவர்கள் கொழும்பில் வந்திறங்கிய செய்தி கோட்டை அரசனுக்கு எட்டியபோது, இடியினும் பெரிதாக முழங்கும் பீரங்கியைப் பற்றி மக்கள் வியந்துரைத்ததாக இராசாவலிய கூறும். அவ்வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1587, 1588ஆம் ஆண்டுகளிற் சீதாவாக்கையின் முதலாம் இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவனுடைய படையிற் பீரங்கிகளும் துவக்குகளும் இருந்தன. இரு தலைமுறைக்குள் சிங்களக் கொல்லர் அக்கலையைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்களது கைத்திறனைப் பகைவராகிய போர்த்துக்கேயரே தம் நூல்களிற் புகழ்ந்துரைத்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கண்டியின் நீள்துவக்கு

கண்டி இராச்சியத்திலே கைவினைஞர் ‘கொட்டல்பத்த’ எனப்பட்ட அரச திணைக்களத்தின் கீழ் அமைந்திருந்தனர். துவக்கேந்திய படையினருக்கெனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அரசனுடைய மெய்காவலுக்குரிய துவக்குக்காரர் ‘வடன துவக்குக்கார’ப் பிரிவினர் எனப்பட்டனர். மூன்று கால்களின் மேல் நிறுத்திச் சுடப்பட்ட சிறு பீரங்கி ‘கொடித்துவக்கு’ எனப் பெயர் பெற்றது. அதன் தோற்றம் கண்டு ஆங்கிலேயர் அதனை வெட்டுக்கிளித் துவக்கு என்றனர். கொடித்துவக்கு என்பது இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்கி வருகின்றது. 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னர் காலத்திலும் இவ்வமைப்பு நிலைபெற்றிருந்தது.

இக்கொல்லர் செய்த துவக்குகளிலே சில தனிப்பண்புகள் உள. அடிக்கட்டை இரண்டாகப் பிளவுற்றுச் சுருள் வேலைப்பாட்டோடு வளைந்திருக்கும். ஐரோப்பியத் துவக்கில் வலப்புறத்தே இருக்கும் தீப்பொறி இயந்திரம் சிங்களத் துவக்குகள் பலவற்றில் இடப்புறத்தே அமைந்திருக்கும். குழலிலே வெள்ளியும் பித்தளையும் பதிக்கப்பட்டிருக்கும். யாவற்றினும் மேலாக, குழல் நீண்டும் கனத்தும் இருக்கும். அரண்களில் வைத்துச் சுடுதற்குரிய பெருந்துவக்குகள் ஆளுயரத்தையும் விஞ்சின. பி. ஈ. பி. தெரணியகல 1942 இல் சிங்களப் படைக்கலங்கள் பற்றி வெளியிட்ட விரிவான ஆய்வும், ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலும் இக்கொல்லர் மரபை நன்கு அறிமுகம் செய்கின்றன. கலையழகு என்ற நோக்கிலே அவை பெரிதும் கூறியுள்ளன. குழலை எவ்வளவு நீளத்திலே நிறுத்துவது என்ற கொல்லனின் தீர்மானம் தனியாக ஆராய்தற்குரியது.

அத்தீர்மானத்தை விளங்கிக்கொள்ளக் கண்டியர் போரிட்ட முறையை அறிதல் வேண்டும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், அந்நாட்டார் வெளியான களத்திற் பகைவரை எதிர்கொள்வது அரிது என எழுதியுள்ளார். காட்டுவழிகளையும் கணவாய்களையும் முன்னரே தெரிந்து, ஆங்கே ஆட்களையும் துவக்குகளையும் நிலைநிறுத்திப் பகைவனின் வரவுக்குக் காத்திருப்பதே அவர்தம் முறை. 1594 இல் தந்துறையிலும் 1630 இல் றந்தெனிவெலையிலும் 1638 இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தமைக்கும், 1803 இல் ஆங்கிலேயப் படை கண்டியிலிருந்து மீள முடியாது மாண்டமைக்கும் நிலத்தைப் பயன்படுத்திய இம்முறையே முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

காத்திருந்து சுடுபவனின் தேவை, அணிவகுத்துச் சுடுபவனின் தேவையினின்றும் வேறுபட்டது. அவன் துவக்கைத் தோளிற் சுமந்து நாள் முழுதும் நடக்க வேண்டியதில்லை. மரக்கிளையிலோ பாறையிலோ குழலைச் சார்த்தி வைக்கலாம். ஒரு நிமிடத்தில் மூன்று முறை மருந்திட வேண்டியதில்லை. முதல் வெடியே காரியத்தை முடித்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் நீண்ட குழலையே வேண்டி நிற்கின்றன. இதனை ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குக் கணக்கும் உண்டு.

றொபின்சின் கணக்கு

அக்கணக்கை முதன்முதலாக ஒழுங்குபடச் செய்தவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742 இல் அவர் வெளியிட்ட பீரங்கிக்கலை பற்றிய நூலே துவக்கு வெடியைக் கணிதத்தின் ஆட்சிக்குட் கொண்டுவந்தது எனலாம். கனத்த மரப்பலகையொன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதிற் குண்டு பாயும்போது பலகை எவ்வளவு தூரம் ஊசலாடுகின்றது என அளந்து குண்டின் வேகத்தை அவர் கணித்தார். அதுவரை வேகத்தை நேரே அளக்கும் வழி எதுவும் இருந்ததில்லை.

றொபின்ஸ் கூறியதன் சாரம் வருமாறு: வெடிமருந்து எரிந்து வாயுவாகின்றது, அவ்வாயு விரிந்து குண்டை முன்னே தள்ளுகின்றது, குண்டு குழலினுள் இருக்குமளவும் இத்தள்ளுதல் தொடர்கின்றது. ஆகவே குழல் நீண்டால் வேகம் கூடும். ஆயின் வாயு விரிய விரிய அதன் அமுக்கம் குறைவதால், நீளத்தாற் பெறும் ஊதியமும் படிப்படியாகக் குறையும். குழலின் முதல் ஒரு முழத்தில் குண்டு பெறும் உந்துதலை அடுத்த முழத்திற் பெறாது. அவரது கணக்கின்படி நீளத்தை இரட்டிக்குந்தோறும் குண்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரே அளவாலேயே கூடும். ஆனால் ஒவ்வொரு முறையும் இரட்டிக்க வேண்டிய இரும்போ முன்னையதிலும் இரு மடங்காகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை இயற்கை விதி சொல்லாது. தேவையை அறிந்த மனிதனே சொல்ல வேண்டும்.

வெடிமருந்து மெதுவாக எரியுமாயின் இவ்விடம் மேலும் தள்ளிப்போகும். கண்டி நாட்டிலே குகைகளிலிருந்து வெடியுப்பு எடுத்து மருந்து செய்த முறையை 1821 இல் ஜோன் டேவி விரிவாக எழுதியுள்ளார். கைத்தொழிலாகச் செய்யப்பட்ட மருந்து எப்போதும் ஒரே வேகத்தில் எரியும் என எதிர்பார்த்தல் இயலாது. மெல்ல எரியும் மருந்தின் பயனை முழுவதும் பெற நீண்ட குழலே ஏற்றது.

நீளத்தின் மற்றொரு பயன் குறி பார்த்தலில் உள்ளது. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையிலுள்ள தூரம் அரை மீற்றர் எனக் கொள்வோம். கண்ணின் பிழையாற் குறி 1 மில்லிமீற்றர் விலகினால், 100 மீற்றர் தொலைவில் குண்டு 20 சென்ரிமீற்றர் விலகிச் செல்லும். அவ்விடைத்தூரம் ஒரு மீற்றராயின் விலகல் 10 சென்ரிமீற்றராகும். நீண்ட குழல் குண்டைத் திருத்துவதில்லை. சுடுபவனின் கண்ணைத் திருத்துகின்றது. காத்திருந்து ஒரே வெடியை நம்பிச் சுடுபவனுக்கு இது சிறிய பேறன்று.

றொபின்சுக்குத் தமிழ் நிலத்தோடு ஓர் உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியியலாளராக 1750 இல் இந்தியா வந்த அவர், அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலுற்றுக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலுள்ள சென்ற் டேவிட் கோட்டையில் இறந்தார். குழலின் நீளத்தைக் கணித்த முதல் அறிஞர் கடலூரிற் கண்மூடிய அந்நாளிலே, பாக்குநீரிணைக்கு அப்பால் கண்டிக் கொல்லர் ஊசலும் சமன்பாடுமின்றி அதே வினாவுக்குத் தம் கையால் விடை கண்டுகொண்டிருந்தனர்.

குறுகிய ஐரோப்பியக் குழல்

இதே காலத்தில் ஆங்கிலேயர் தம் குழலைக் குறுக்கி வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் காலாட்படையின் துவக்குக்குழல் 46 அங்குலமாயிருந்தது. பின்னர் அது 42 அங்குலமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பனி தன் இந்தியப் படைகளுக்கென 39 அங்குலக் குழலுடைய மலிவான துவக்கைச் செய்வித்தது. 1790களிலே பிரெஞ்சுப் போர்களால் துவக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆங்கில அரசு கம்பனியின் அவ்‘இந்திய அமைப்பு’த் துவக்கையே தனதாக்கிக்கொண்டது.

இக்குறுக்கத்தைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று கொள்ளலாமா? குறுகிய குழல் தொலைவுக்குச் சுட்டதன்று. குறி தவறாது சுட்டதுமன்று. அது இலேசானது, விரைவிற் செய்யத்தக்கது, செலவு குறைந்தது. தோளோடு தோள் நின்று ஒரே கட்டளையிற் சுடும் படைக்குத் தனியொருவனின் குறி முக்கியமன்று. 100 யாருக்கு உட்பட்ட தூரத்தில் எத்தனை குண்டுகள் எவ்வளவு விரைவிற் செல்கின்றன என்பதே முக்கியம். குழலின் நீளத்தை அங்கு நிர்ணயித்தது அணிவகுப்பும் கணக்குப் புத்தகமுமேயாகும்.

இவ்வேறுபாடு கண்டிக்கு மாத்திரம் உரியதன்று. 1839 முதல் 1842 வரை நடந்த ஆப்கானியப் போரில், ‘ஜெசைல்’ எனப்படும் நீள்துவக்கை மலைமுகட்டிற் சார்த்திச் சுட்ட மலைநாட்டார், ஆங்கிலத் துவக்கின் எல்லைக்கு அப்பாலிருந்தே ஆங்கிலப் படையினரை வீழ்த்தினர். மலையும் கணவாயும் உள்ள இடத்திலே, காத்திருந்து சுடும் மக்களிடையே, நீண்ட குழல் தோன்றுதல் ஒரு பொது இயல்பெனலாம்.

அவ்வாறாயின் கண்டி ஏன் வீழ்ந்தது என்ற வினா எழுதல் இயல்பு. 1815 இல் கண்டி வீழ்ந்தது துவக்குப் போரினாலன்று. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே விளைந்த பிளவினாலும் அதனை ஜோன் டொயிலி திறம்படப் பயன்படுத்தியமையாலுமாகும். 1817, 1818 இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் ஊர்களையும் விளைநிலங்களையும் அழித்தனர். அதன் பின்னர் ஆளுநர் பான்சின் காலத்திலே கொழும்பிலிருந்து கடுகண்ணாவை வழியாகக் கண்டிக்குப் பெருவீதி வெட்டப்பட்டது. பதுங்கியிருந்து சுடுதற்குரிய காட்டுவழி வண்டி செல்லும் வீதியாயிற்று. நீள்துவக்கு பிறிதொரு துவக்கிடம் தோற்கவில்லை. அது எந்த நிலத்துக்கென அளவெடுத்துச் செய்யப்பட்டதோ அந்த நிலமே மாற்றப்பட்டது. அரசும் அரச பட்டறையும் ஒழிந்தபின் அக்கலையைப் பேணுவார் எவருமிலர்.

திருகுகாடியும் புகையில்லா மருந்தும்

குழலின் உட்புறத்தே திருகு வடிவிற் காடி வெட்டினால் குண்டு சுழன்று செல்லும். சுழலும் குண்டு நேர்வழி தவறாது. இக்காடியுடைய துவக்கே ‘றைபிள்’ எனப்படுவது. இதனை முழுமையாகக் கைக்கொள்ளும் நாடு ஏனைய நாடுகளை விஞ்சும் என்று றொபின்ஸ் 1747 இலேயே முன்னுரைத்திருந்தார். காடியோடு பொருந்தும் குண்டைக் குழல்வாய் வழியே இடித்துச் செலுத்துதல் தாமதமானமையால் ஒரு நூற்றாண்டு காலம் அது சிறப்புப் படைகளின் கருவியாகவே இருந்தது. இலங்கையிலும் மலாய் வீரரைப் பெரும்பான்மையாகக் கொண்ட படையொன்று 1827 முதல் ‘சிலோன் றைபிள்’ படை எனப் பெயர் பெற்றது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்கே செல்வோர் கொம்பனித்தெருவை அடைவர். அங்கு இன்றும் உள்ள ‘றைபிள் வீதி’ 1870களிற் கலைக்கப்பட்ட அப்படையின் நினைவாகவே நிற்கின்றது.

சுடும்போது விரிந்து காடியைப் பற்றும் மினியே குண்டு 1849 இல் தோன்றியபின் றைபிள் பொதுப்படையின் கருவியாயிற்று. 1853ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிளின் குழல் 39 அங்குலம். அதன் தோட்டாவிற் பூசிய கொழுப்பே 1857 இன் இந்தியப் பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று என்பது யாவரும் அறிந்ததே. அதே றைபிளின் 33 அங்குல வடிவமும் இருக்க, பெரும்பான்மைக் காலாட்படைக்கு 39 அங்குலமே வழங்கப்பட்டது. இரு வரிசையாக நின்று சுடும்போது பின்வரிசையினரின் குழல்வாய் முன்வரிசையினரின் முகத்தைத் தாண்டியிருத்தல் வேண்டும்; துப்பாக்கி முனைக்கத்தியோடு நெடிய ஈட்டியாகவும் அது பயன்பட வேண்டும். குண்டின் தேவை ஒன்றாயிருக்க, குழலின் நீளத்தை மீண்டும் அணிவகுப்பே தீர்மானித்தது.

பெருமாற்றம் 1884 இல் நிகழ்ந்தது. போல் வியேய் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். 1886 இல் அம்மருந்தைப் பயன்படுத்தும் லெபல் றைபிள் வெளிவந்தது. முன்னைய கருமருந்திலும் பன்மடங்கு ஆற்றலுடைய இம்மருந்து, சிறிய குண்டைப் பெருவேகத்திற் செலுத்தியது. குறுகிய குழலிலேயே போதிய வேகம் கிடைத்தது. நீளத்துக்காக முன்னர் கூறப்பட்ட காரணங்களுள் வலிமையான ஒன்று இதனால் தளர்ந்தது.

எனினும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. 1895ஆம் ஆண்டு லீ-என்பீல்ட் றைபிள் 30.2 அங்குலக் குழலோடு காலாட்படைக்கும், அதன் சிறுவடிவம் 20.75 அங்குலக் குழலோடு குதிரைப்படைக்கும் வழங்கப்பட்டன. 1899 இல் தென்னாபிரிக்காவிலே போயர் போர் மூண்டது. புகையில்லா மருந்தும் மௌசர் றைபிளும் கொண்டு, பதுங்கியிருந்து தொலைவிலிருந்து குறி தவறாது சுட்ட போயர் உழவர் ஆங்கிலப் படையின் சுடுகலைப் பயிற்சியையே கேள்விக்குள்ளாக்கினர். இலங்கையிலிருந்து 1900 இல் குதிரைக் காலாட்படை அணியொன்று அப்போருக்குச் சென்றது. சிறைப்பட்ட போயரில் ஏறத்தாழ 5,000 பேர் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1818 இல் பதுங்கிச் சுட்டோரை அடக்கிய ஊவா மலைகளிலேயே, அதே முறையிற் போரிட்ட வேறொரு நாட்டாரை ஆங்கிலேயர் சிறைவைத்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அப்போரின் படிப்பினையாக 1902 இன் இறுதியில் ஆங்கிலேயர் ஒரு புதிய றைபிளை அங்கீகரித்தனர். அதன் குழல் 25.2 அங்குலம். காலாளுக்கு ஒன்று, குதிரை வீரனுக்கு ஒன்று என்னும் பழைய வேறுபாடு ஒழிந்து, யாவர்க்கும் ஒரே றைபிள் என்னும் கொள்கை தோன்றியது. நெடுந்தொலைவுச் சுடுகலையில் வல்லோர் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். ஐந்து அங்குலத்தை இழப்பதாற் குறியின் நுட்பம் கெடும் என்றனர். அவர்கள் கூறியது கணக்கிற் பிழையன்று. ஆயினும் பயிற்சி பெற்ற படையினன் போர்க்களத்திற் சுடும் தூரத்துக்கு 25 அங்குலமே போதுமானதாயிற்று. இரு உலகப் போர்களிலும் இந்நீளம் ஏறத்தாழ மாறாது நின்றது.

குழல்வாயும் புரியும்

நீளம் குறையுந்தோறும் புதியதொரு தொல்லை குழல்வாயிலே தோன்றியது. குண்டு வெளியேறிய பின்னரும் எரிவாயு மிகுந்த அமுக்கத்தோடு வெளிப்படும். குழல் குறுகியதாயின் தீச்சுவாலையும் முழக்கமும் பின்னுதைப்பும் பெருகும். நீளத்தால் தீர்ந்த பிரச்சினையை வாயிலே பொருத்தும் கருவியால் தீர்க்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

புரி என்னும் திருகு வேலைப்பாடு துவக்கில் முதலில் இடம் பெற்றது குழலின் வாயிலன்று, அதன் அடியிலேயாகும். 1543 இல் போர்த்துக்கேயத் துவக்கு யப்பானின் தனெகசிமாத் தீவை அடைந்தது. அத்தீவுக் கொல்லன் குழலைச் செய்துவிட்டான். அதன் அடியை அடைக்கும் புரியாணியைச் செய்ய அறியாது திகைத்தான் என்றும், மறு ஆண்டு வந்த அந்நியக் கொல்லனிடமே அதனைக் கற்றான் என்றும் யப்பானிய நூல் கூறும். அதற்காகத் தன் மகளையே மணமுடித்துக் கொடுத்தான் என்பது அந்நாட்டுக் கர்ணபரம்பரைக் கதை. ஒரு சிறு புரியின் அருமையை இதனினும் நன்கு விளக்கும் கதை வேறில்லை.

பதினாறாம் நூற்றாண்டிற் கொல்லனுக்குக் கொல்லன் வேறுபட்ட புரியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பொதுமைப்படுத்தியது. 1841 இல் ஜோசப் விற்வேர்த் புரியின் கோணத்தையும் இடைவெளியையும் வரையறுத்து ஒரே அளவை முன்மொழிந்தார். அதன் பயனாக ஒரு பட்டறையிற் செய்த ஆணி பிறிதொரு பட்டறையிற் செய்த துளையிற் பொருந்தியது. அதே விற்வேர்த் அறுகோணக் குழலுடைய றைபிளொன்றையும் ஆக்கினார். 1857 இல் நடந்த சோதனையில் அது நெடுந்தொலைவில் என்பீல்ட்டை வென்றது. 1860 இல் விம்பிள்டனில் நடந்த முதற் றைபிள் போட்டியை விக்ரோறியா மகாராணி தொடக்கி வைத்தது விற்வேர்த் றைபிளைச் சுட்டேயாகும்.

1909 இல் அமெரிக்கராகிய ஹைறம் பேர்சி மக்சிம் வெடியின் ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழல்வாயின் வெளிப்புறத்திற் புரி வெட்டி, அதில் அவ்வுருளையைத் திருகிப் பொருத்துவதே அவர் கண்ட முறை. இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெளியே வெட்டும் புரியின் அச்சும் உள்ளேயுள்ள குழலின் அச்சும் ஒன்றாதல் வேண்டும். மயிரிழை விலகினும் வெளியேறும் குண்டு பொருத்திய கருவியை உரசும். குழல்வாயின் விளிம்பிலே சிறு பழுதுண்டாயினும் குண்டின் போக்கு மாறும். கனத்த குழல்வாயிலே புரி வெட்ட இடமுண்டு. மெலிந்ததிலே வெட்டினால் வலிமை குறையும். ஆகவே புரி வெட்டுவதா என்ற வினாவும் குழலின் கனம், நீளம் என்பவை பற்றிய வினாவும் பிரிக்க முடியாதவை.

இரண்டாம் உலகப் போரில் இவ்வினா இலங்கைக்கு அண்மையிலேயே எழுந்தது. 1944 இல் மவுன்ற்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றினார். பர்மியக் காடுகளிற் போரிட்ட படைகளுக்கு நீண்ட றைபிள் பெருஞ்சுமையாயிருந்தது. அவ்வாண்டிலேயே லீ-என்பீல்ட்டின் காட்டுப்போர் வடிவம் உருவாயிற்று. குழல் ஏறத்தாழ 19 அங்குலம். நிறை முன்னையதிலும் ஏறத்தாழ இரண்டு இறாத்தல் குறைவு. குழல்வாயிலே தீச்சுவாலையை மறைக்கும் கூம்பு. சுமக்க எளிதான அதனைச் சுடுதல் எளிதாயிருக்கவில்லை. பின்னுதைப்புக் கடுமையானது என்பதும், ஒருமுறை சரிசெய்த குறி நிலைத்து நிற்பதில்லை என்பதும் அதன் மீது கூறப்பட்ட குறைகள்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்டிக் காடு நீண்ட குழலை வேண்டியது; பர்மாக் காடு குறுகிய குழலை வேண்டியது. காடு ஒன்றுதான். காத்திருப்பவன் வேறு, ஊடுருவிச் செல்பவன் வேறு. கருமருந்து வேறு, புகையில்லா மருந்து வேறு. ஆகவே ‘நீண்டது பழையது, குறுகியது புதியது’ என்று கோடு கிழித்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

முடிபு

இன்று நெடுந்தொலைவுச் சுடுபோட்டிகளில் ஈடுபடுவோருள் 24 முதல் 26 அங்குலம் வரையான குழலை விரும்புவோர் பலர். குழல்வாயிற் புரி வெட்டுவிப்பதும் பரவலான வழக்கமாகியுள்ளது. ஒலியடக்கியைப் பொருத்தினால் மொத்த நீளம் கூடுமாதலால் குழலைச் சில அங்குலம் குறைப்போரும் உளர். வேகத்தில் எவ்வளவை இழக்கலாம், நிறையில் எவ்வளவைத் தாங்கலாம், எங்கிருந்து சுடுவது என்னும் மூன்றையும் சீர்தூக்கியே அவர்கள் முடிவு செய்கின்றனர். றொபின்சின் கணக்கு இவர்களுக்கும் அதே விடையையே தருகின்றது: நிறுத்தும் இடத்தை நீயே தெரிந்துகொள்.

கண்டிக் கொல்லனும் அதனையே தெரிந்துகொண்டான். தன் நாட்டு மருந்து எவ்வாறு எரியும், தன் நாட்டான் எங்கே நின்று சுடுவான், எத்தனை முறை சுட அவகாசம் கிடைக்கும் என்பவற்றை அறிந்தே அவன் குழலை நீட்டினான். அவன் ஏடெழுதி வைக்கவில்லை. அவனுடைய பெயரையும் எவரும் பொறித்துவைக்கவில்லை. அவனது சிந்தனைக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்நீளமேயாகும். அடிக்கட்டையின் சுருளையும் வெள்ளிப் பதிப்பையும் மாத்திரம் கண்டு அவனைக் கலைஞன் எனப் போற்றுவது அவனைப் பாதியாகப் போற்றுவதாகும். நீளத்தைக் கண்டு பின்தங்கியவன் என்பது அவனை முற்றாக மறுப்பதாகும்.

அவனுக்கும் பின்வந்தோருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு குழல்வாயிலே உள்ளது. கண்டித் துவக்கின் வாய் ஒரு முடிவிடம். கொல்லன் கருதியது அங்கே நிறைவுறுகின்றது. புரி வெட்டிய வாய் ஓர் இணைப்பிடம். அறியாத பட்டறையில் அறியாத மனிதன் செய்யும் பிறிதொரு கருவியை அது எதிர்நோக்கி நிற்கின்றது. பொது அளவுகள் உலகை ஆளத் தொடங்கியபோது, தன் நிலத்துக்கென்றே தனித்து அளவெடுத்த கைவினைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்மறைவுக்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் கூறுவது எளிது; ஆயின் சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. 1877 முதல் கறுவாத்தோட்டத்தில் நிலைபெற்றுள்ள கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் மாணவர், பொன்னையும் மாணிக்கத்தையும் பார்த்தபின் சிறிது நேரம் நின்று அந்த நீண்ட குழல்களையும் வாசித்தல் வேண்டும். அவையும் இந்நாட்டு வரலாற்றின் ஏடுகளே.